லூகாஸைத் திட்டுவதற்கு முன்னால்...

அம்பாசடரும் எம்ஜி ஸ்போர்ட்ஸ் காரும் பங்காளிகள் என்று சொன்னால் என் வகுப்பில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். ஒன்று, கல்யாண வீட்டுக்கு ஒன்பது பேரையும் இரண்டு தாம்பூலத் தட்டையும் ஏற்றிக்கொண்டு போன வண்டி. இன்னொன்று, கூரை இல்லாமல், இரண்டே பேர் உட்காரக்கூடிய, இங்கிலீஷ் படத்தில் ஹீரோ ஓட்டுகிற வண்டி.

ஆனால் பானட்டைத் திறந்தால் கதை வேறு. 1955-ல் வெளிவந்த எம்ஜிஏ காரில் இருந்தது பிஎம்சி கம்பெனியின் 'பி சீரிஸ்' இன்ஜின், 1489 சிசி. 1950-களின் கடைசியில் நம் அம்பாசடருக்குள் வந்து உட்கார்ந்ததும் அதே பி சீரிஸ், அதே 1489 சிசி. எம்ஜியில் இரண்டு கார்பரேட்டர் வைத்து முறுக்கேற்றியிருந்தார்கள். நமக்கு ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்கள். 1962-ல் வந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் விற்ற எம்ஜிபி காரில் இருந்ததும் அதே குடும்பத்து இன்ஜின்தான், கொஞ்சம் பெரியது, 1798 சிசி.

இது ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி சென்னைக்கு இன்னும் பக்கம். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1961-ல் இருந்து 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரைத் தயாரித்தது. அதன் அசல் 1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டு. அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, மேலே அழகான ஒரு உடம்பைப் போட்டு 1962-ல் விட்ட ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டையும் வரைந்தவர் ஒருவரே, ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இரண்டிலும் பானட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். நம் பக்கம் லேலண்ட் என்றால் லாரிதான் ஞாபகம் வரும், இல்லையா? அந்த லேலண்ட்தான் 1961-ல் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனியை வாங்கியது. 1968-ல் எம்ஜியும் அதே கூரைக்குக் கீழே வந்துவிட்டது.

ஆக, லண்டனில் ஒருவர் ஸ்போர்ட்ஸ் காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்த அதே காரணத்துக்காக நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு டாக்ஸி டிரைவரும் தலையைச் சொறிந்திருப்பார். அந்தக் காரணம் பெரும்பாலும் இக்னிஷன். அதாவது பிளக்கில் பொறி விழாதது. இந்தப் பொறிக்குப் பின்னால் உள்ள பெயர் லூகாஸ்.

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருக்கும் வெள்ளைக்காரர்களைக் கேட்டால் லூகாஸை 'இருட்டின் இளவரசர்' என்பார்கள். லூகாஸ் சுவிட்சில் மூன்று நிலை உண்டாம், மங்கல், மினுக்கல், அணைந்தது. இப்படி ஜோக்குகள் ஏராளம். இதே லூகாஸ் சாமானை மாட்டிக்கொண்டு நம் ஊர் வெயிலிலும் புழுதியிலும் அம்பாசடர்கள் வருஷக்கணக்கில் ஓடின. நம் ஊரில் யாரும் லூகாஸை வைத்து ஜோக் சொல்லி நான் கேட்டதில்லை. சென்னைக்காரர்களுக்கு அது பாடியில் ஒரு பஸ் ஸ்டாப், அவ்வளவுதான். ஏன் இந்த வித்தியாசம் என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இன்ஜினோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். போகப் போகத் தெரியும், இது பாதி நம் சப்ஜெக்ட்தான்.

முதலில் பொறி எப்படி விழுகிறது என்று பார்ப்போம். இது தெரியாமல் மேலே போனால் ஒன்றும் புரியாது.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி குதிக்கப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இதற்குத்தான் காயில். காயிலுக்குள் இரண்டு சுற்று. ஒன்றில் தடித்த கம்பி, கொஞ்சச் சுற்று. இன்னொன்றில் தலைமுடி மாதிரிக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. தடித்த கம்பியில் கரண்ட் ஓடும்போது உள்ளே காந்தப் புலம் உண்டாகிறது. ஓடுகிற கரண்டைப் படக்கென்று வெட்டினால் அந்தப் புலம் சரிகிறது. சரிகிற வேகத்தில் மெல்லிய கம்பியில் பெரிய வோல்டேஜ் பிறக்கிறது. அந்த 'படக்' என்ற வெட்டைச் செய்வதுதான் சிபி பாயிண்ட். சின்ன சுத்தியல் மாதிரி ஒரு துண்டு, எதிரே ஒரு பட்டாணி. நடுவில் சுற்றும் கேம் நாலு மூலை கொண்டது. ஒவ்வொரு மூலையும் சுத்தியலைத் தள்ளித் திறக்கும்.

வெட்டும்போது பாயிண்டிலேயே பொறி பறந்துவிட்டால் வெட்டு சுத்தமாக இருக்காது, பாயிண்டும் கருகும். அதைத் தடுக்கப் பக்கத்திலேயே விரல் நுனி அளவுக்கு ஒரு கண்டென்சர். பிறந்த வோல்டேஜை எந்த சிலிண்டருக்கு அனுப்ப வேண்டுமோ அங்கே திருப்பிவிடுவது ரோட்டர். பி சீரிஸ் இன்ஜினில் வரிசை 1, 3, 4, 2. இவை எல்லாம் குடியிருக்கும் வீடு டிஸ்ட்ரிபியூட்டர். நான் பேசிப் பார்த்த பழைய மெக்கானிக்குகள் அதை 'டெல்கோ' என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், டெல்கோ என்பது லூகாஸுக்குப் போட்டியான அமெரிக்கக் கம்பெனியின் பெயர். 1910 வாக்கில் காடிலாக் காருக்காக இந்தப் பேட்டரி-காயில் முறையை உருவாக்கிய சார்லஸ் கெட்டரிங் ஆரம்பித்தது அது. லூகாஸ் பெட்டிக்கு எதிராளியின் பெயரை வைத்துக் கூப்பிடுகிறோம் :-)

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. 3,000 ஆர்பிஎம் ஓடினால் நிமிஷத்துக்கு 6,000. ஒரு மணி நேரத்துக்கு 3,60,000. அந்தப் பாயிண்ட் அத்தனை தடவை திறந்து மூட வேண்டும். திறக்கிற இடைவெளி எவ்வளவு தெரியுமா? 0.015 அங்குலம், அதாவது 0.4 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கேம் மீது உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இந்த இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் டைமிங் பின்னால் போகிறது. வண்டி மேடு ஏறத் திணறும், இன்ஜின் சூடாகும், பெட்ரோல் குடிக்கும். கார் நிற்காது, ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோகும். சில ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை யாராவது மூடியைத் திறந்து, ஒரு பொட்டு கிரீஸ் வைத்து, இடைவெளியைச் சரிசெய்தே ஆக வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லூகாஸ் வழக்கில் இது முக்கியமான சாட்சி.

இனி லூகாஸ் யார் என்று பார்ப்போம். ஜோசப் லூகாஸ் என்பவர் 1860-ல் பர்மிங்ஹாமில் விளக்கெண்ணெய்... இல்லை, விளக்கு எரிக்கும் பாரஃபின் எண்ணெய் விற்று வியாபாரத்தைத் தொடங்கியவர். பிறகு விளக்கே செய்தார். சைக்கிள் விளக்கு, கார் விளக்கு என்று வளர்ந்தது. இக்னிஷனுக்குள் அவர்கள் நுழைந்தது 1914-ல். அதுவும் ஒரு நெருக்கடியில்.

அந்தக் காலத்தில் பொறிக்கு மேக்னெட்டோ என்ற சாதனம் இருந்தது. பேட்டரியே வேண்டாம், தானே கரண்ட் உண்டாக்கிக்கொள்ளும். உலகத்துக்கே அதை விற்றவர்கள் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி. பிரிட்டன் பெருமளவு அவர்களையே நம்பியிருந்தது. 1914-ல் ஜெர்மனியோடு சண்டை வந்தது. லாரி வேண்டும், விமானம் வேண்டும், அதற்குள் வைக்க மேக்னெட்டோ எதிரி நாட்டில் இருக்கிறது! அப்போதுதான் லூகாஸ், தாம்சன்-பென்னட் என்ற சிறிய மேக்னெட்டோ கம்பெனியை வாங்கியது. இறக்குமதி நின்றதால் உள்ளூரில் பிறந்த தொழில். இந்தக் காட்சியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சென்னையில் மறுபடி வரும்.

சண்டை முடிந்ததும் லூகாஸ் சும்மா இருக்கவில்லை. 1926-ல் சிஏவி, ரோட்டாக்ஸ் என்ற இரண்டு போட்டிக் கம்பெனிகளை வாங்கிப் போட்டது. சிஏவி என்ற பெயர் டிராக்டர் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், டீசல் பம்பு மேல் எழுதியிருக்கும். அதுவும் லூகாஸ் வீட்டுப் பிள்ளைதான். கடைசியில் பிரிட்டனில் எந்த கார் வாங்கினாலும் அநேகமாக உள்ளே லூகாஸ் சாமான் என்ற நிலை. 1963-ல் அந்த நாட்டு ஏகபோகக் கமிஷன் வண்டி மின்சாதனங்களைப் பற்றித் தனியாக ஒரு அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. அதன் மையத்தில் இருந்த பெயர் லூகாஸ்.

இங்கேதான் நம் சப்ஜெக்ட் வருகிறது. விற்பவர் ஒருவர், வாங்குபவர்கள் நாலைந்து பெரிய கார் கம்பெனிகள். ஒவ்வொரு காருக்கும் ஒரு ஷில்லிங் குறைந்தால் லட்சம் காருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிற ஆட்கள் அவர்கள். லூகாஸ் சாமான் அந்த விலைக்குள் செய்யப்பட்டது. நல்ல சாமான் செய்யத் தெரியாத கம்பெனி இல்லை அது. ஃபிராங்க் விட்டில் ஜெட் இன்ஜினை உருவாக்கியபோது அதன் எரிப்பு அறைகளைச் செய்துகொடுத்தது இதே லூகாஸ்தான். ஜெட் இன்ஜினுக்கு எரிப்பு அறை செய்தவனுக்கு ஒரு நல்ல வயர் கனெக்டர் செய்யத் தெரியாதா? கொடுத்த காசுக்கு என்ன வருமோ அதுதான் வந்தது என்பது என் கருத்து.

அத்தோடு இன்னொன்று. எம்ஜி, டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் ஏற்றுமதிக்கானவை, அதிகம் போனது அமெரிக்காவுக்கு. கூரையில்லாத கார் மழையில் நனையும். இங்கிலாந்தில் இருந்து உதிரி பாகம் வரக் காத்திருக்க வேண்டும். உள்ளூர் மெக்கானிக்குக்கு அந்த வண்டி பழக்கமில்லை. 1967 வரை எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் செய்யப்பட்டிருந்தது. நெகட்டிவ் எர்த்துக்குப் பழகிய கை அதில் எதையாவது மாற்றி மாட்டினால் என்ன ஆகும்? ஜோக் பிறக்கும்.

சரி, சென்னைக்கு வருவோம். 1953-ல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே முறுக்கி விற்கிற வேலை இனி வேண்டாம், இங்கேயே தயாரிக்கத் திட்டம் உள்ள கம்பெனிக்குத்தான் அனுமதி. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் சீக்கிரமே மூட்டை கட்டின. அப்போது தென்னிந்தியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றுக்கொண்டிருந்த பெரிய ஏஜென்சி டிவிஎஸ். டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் ஓட்டித் தொடங்கிய குடும்ப நிறுவனம். விற்கச் சரக்கு தந்த கம்பெனியே போய்விட்டால் வியாபாரி என்ன செய்வார்? சரக்கைத் தானே செய்ய ஆரம்பித்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் சக்கரத்துக்கு ஒரு கம்பெனி, பிரேக்குக்கு ஒரு கம்பெனி என்று அடுத்தடுத்து வந்தன. அதில் ஒன்று, 1961-ல் லூகாஸோடு சேர்ந்து சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ். (நாமக்கல்காரனுக்குப் பாடி என்றால் லாரி பாடிதான். சென்னைப் பாடி வேறு!)

1914-ல் பர்மிங்ஹாமில் நடந்தது 1961-ல் பாடியில் நடந்தது. அங்கே சண்டை இறக்குமதியை நிறுத்தியது, இங்கே கொள்கை நிறுத்தியது. விளைவு ஒன்றுதான். டிஸ்ட்ரிபியூட்டர், காயில், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் கிடைக்க ஆரம்பித்தன. பிளக்குக்கு 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ இருந்தது. அமெரிக்காவில் எம்ஜி வைத்திருந்தவருக்கு இல்லாத வசதி நாமக்கல் டாக்ஸிக்காரருக்கு இருந்தது. ஒரே மாடலை அரசாங்கமும் கம்பெனியும் முப்பது நாற்பது வருஷம் மாற்றாமல் வைத்திருந்ததைக் கிண்டல் செய்கிறோம். நியாயம்தான், நானும் செய்வேன். ஆனால் அதனாலேயே ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் அந்த ஒரு டிஸ்ட்ரிபியூட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டப் பழகினார்கள். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், சண்டைக் காலத்து விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டை மாற்றியமைத்து ஓட்டினார்கள் என்றால், அதற்கும் அந்தப் பழக்கம்தான் காரணம்.

இப்போது ரிப்பேருக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் இருக்கிறார். இப்போது கடையை மகன் பார்க்கிறார், முழுக்க டீசல் லாரி வேலை, செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும்தான். டீசலுக்குப் பிளக்கும் கிடையாது பாயிண்டும் கிடையாது, அழுத்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அவரிடம், "மிஸ்ஸிங் அடிச்சா முதல்ல என்னங்கய்யா பார்ப்பீங்க?" என்று கேட்டேன். "முதல்ல எதையும் கழட்டக் கூடாது கண்ணு. பாதிப் பேரு எடுத்ததும் கார்பரேட்டரைக் கழட்டுவாங்க. நடு வயரைப் புடிச்சுப் பாரு, அதுவே சொல்லும்" என்றார்.

இந்த 'நடு வயர்' விஷயம் எனக்கு ட்ரையல் பேலன்ஸ் மாதிரித் தெரிந்தது. டேலி ஆகாவிட்டால் முதல் வவுச்சரில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறவன் விடிய விடியப் பார்ப்பான். விவரமானவன் வித்தியாசத்தை முதலில் 2-ஆல் வகுப்பான், அந்தப் பாதித் தொகை எங்காவது தப்பான பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு 9-ஆல் வகுத்துப் பார்ப்பான், மீதி வராவிட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று தேடுவான். எங்கே தேட வேண்டாம் என்று முதலில் முடிவு செய்வதுதான் வித்தை.

காயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு ஒரு தடித்த வயர் போகிறது. அதை மூடியில் இருந்து உருவி, நல்ல இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் பிடித்து, முனையை இன்ஜின் இரும்புக்கு ஒரு அரை சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் (வெறுங்கையால் பிடித்தால் வாங்குவீர்கள். பக்கத்தில் பெட்ரோல் ஒழுக்கும் இருக்கக் கூடாது). இன்னொருவர் செல்ஃப் அடிக்க, தடிமனான நீலப் பொறி படபடவென்று குதித்தால் பேட்டரி, காயில், பாயிண்ட், கண்டென்சர் அத்தனையும் நல்லவை. குற்றவாளி மூடி, ரோட்டர், பிளக் வயர், பிளக் ஆகியவற்றில் ஒன்று. பொறி இல்லை என்றாலோ, மஞ்சளாய் மெலிந்து விழுந்தாலோ குற்றவாளி இந்தப் பக்கம். ஒரே சோதனையில் பாதி இன்ஜின் விடுதலை.

பொறி இல்லாத பக்கம் என்றால் ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். காயிலுக்கு 12 வோல்ட் வருகிறதா? வருகிறது என்றால், பாயிண்டுக்குப் போகும் முனையில் லேம்பை வைத்து இன்ஜினைச் சுற்றினால் அது அணைந்து அணைந்து எரிய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடினாலும் நடுவில் அழுக்கு. எரியவே இல்லை என்றால் எங்கேயோ பாடியில் தொடுகிறது. புதுப் பாயிண்ட் மாட்டிய அன்றே வண்டி நின்றால், பெரும்பாலும் அந்தச் சின்ன இன்சுலேஷன் வாஷரை வரிசை மாற்றிப் போட்டிருப்பார்கள்.

எம்ஜிபியிலும் அம்பாசடரிலும் இருந்த 25டி வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு பிரத்யேக வியாதி உண்டு. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு அசையக்கூடியது. ஆக்ஸிலரேட்டருக்குத் தகுந்தபடி வேக்குவம் அதை இழுக்கும். அந்தத் தட்டுக்கு உள்ளே வரும் வயரும், தட்டில் இருந்து உடம்புக்குப் போகும் எர்த் வயரும் ஒவ்வொரு தடவையும் வளைந்து நிமிரும். வருஷக்கணக்கில் வளைந்து, துணி உறைக்குள்ளேயே கம்பி அறுந்துவிடும். வெளியே பார்த்தால் வயர் முழுசாக இருக்கும். நிறுத்தி வைத்து டெஸ்ட் செய்தால் எல்லாம் சரி. ரோட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் செத்துவிடும். இதற்காக எத்தனை கார்பரேட்டர்கள் அநியாயமாகக் கழற்றப்பட்டனவோ!

நம் ஊருக்கே உரிய குழப்பம் ஒன்று இருக்கிறது, வெயில். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓடியபின் வண்டி நிற்கிறது. பத்து நிமிஷம் நிழலில் விட்டால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்புகிறது. இது இரண்டு வியாதிக்கும் பொது அறிகுறி. சூட்டில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளலாம். அல்லது காயிலோ கண்டென்சரோ சூட்டில் விட்டுவிட்டு, ஆறியதும் திரும்பலாம். ஆறிய பிறகு பார்த்தால் இரண்டுமே நல்ல பிள்ளை. எனவே நின்ற அந்த நிமிஷமே, சூடாக இருக்கும்போதே நடு வயரைப் பார்க்க வேண்டும். பொறி இருந்தால் பெட்ரோல். இல்லாவிட்டால் கண்டென்சர், அல்லது காயில். மூடியைத் திறந்து பாயிண்ட் திறக்கும்போது அங்கே பளிச்சென்று பெரிய பொறி பறந்தால் கண்டென்சரை மாற்றிவிட வேண்டியதுதான். மழைக்காலத்தில் நின்றால் வேறு வழி. மூடியைக் கழற்றி உள்ளே துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பித்தளை முனையில் இருந்து இன்னொன்றுக்குப் பென்சில் கோடு மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், கரண்ட் தனக்கு ஒரு குறுக்குவழி போட்டுக்கொண்டது என்று அர்த்தம். துடைத்தால் போகாது, மூடி மாற்ற வேண்டும். இன்னொரு விஷயம், பாட்டுக் கேட்க வேண்டும் என்று இன்ஜினை நிறுத்திவிட்டு இக்னிஷன் சாவியைப் போட்டபடி விடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வழியாக 3, 4 ஆம்பியர் சும்மா ஓடி அதைச் சுட்டுவிடும்.

மேலே சொன்ன வியாதிகளை எல்லாம் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். தேய்ந்த பாயிண்ட், அறுந்த சின்ன வயர், ஈரமான மூடி, சூட்டில் செத்த கண்டென்சர். எல்லாமே விலை குறைந்த, அவ்வப்போது மாற்றப்பட வேண்டிய சாமான்கள். கெட்டரிங் முறையில் ஓடிய எந்த நாட்டுக் காருக்கும் இவை பொது. டெல்கோவில் இல்லாத ஒரு பாவத்தை லூகாஸ் செய்யவில்லை. பார்த்துக்கொள்ள ஆளும் மாற்றச் சாமானும் இருந்த ஊரில் அது உழைத்தது. இல்லாத ஊரில் ஜோக் ஆனது.

ஆனால் லூகாஸ் முழு நிரபராதி என்றும் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பாயிண்டே வேண்டாம் என்று 'ஓபஸ்' என்ற எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கொண்டுவந்தார்கள். 1971-ல் ஜாகுவாரின் பன்னிரண்டு சிலிண்டர் காரில் வந்தது. 1975-ல் அமெரிக்கா போன எம்ஜிபிகளில் அதன் ஒரு வடிவத்தை டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே வைத்தார்கள். இன்ஜின் சூடு முழுக்க வாங்கும் இடத்தில் எலக்ட்ரானிக்ஸை வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? பாயிண்ட் கெட்டால் பேனாக் கத்தியால் சுரண்டியாவது வீடு வந்து சேரலாம். ஓபஸ் கெட்டால் கயிறு கட்டி இழுப்பதுதான். பலர் அதைக் கழற்றிவிட்டுப் பழைய பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டருக்கே திரும்பினார்கள். இதற்கு லூகாஸைத் திட்டலாம், தாராளமாக.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர் இரண்டும் 1980-ல் நின்றன. வண்டலூரில் ஹெரால்டுக்குப் பின் 'கெஸல்' வந்து 1970-களிலேயே போனது. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு கடைசி முயற்சி, அதுவும் மூன்று வருஷத்தில் முடிந்தது. பர்மிங்ஹாம் லூகாஸ் 1996-ல் வேரிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனியோடு இணைந்து, 1999-ல் டிஆர்டபிள்யூ கைக்குப் போனது. அம்பாசடர் 2014 வரை தாக்குப்பிடித்தது, ஆனால் பாயிண்ட் வைத்த பெட்ரோல் வண்டிகள் அதற்கு வெகு முன்பே அருகிவிட்டன. தாய் வீடு கைமாறிப்போன பிறகும் பாடியில் லூகாஸ் பெயர் போர்டில் இருக்கிறது, முழுக்க டிவிஎஸ் கையில்.

மிச்சமிருக்கும் பழைய கார்களுக்கு இப்போது வேறொரு சிக்கல். அசல் தயாரிப்பு அருகிப்போய், பெயர் தெரியாத நகல் பாகங்கள் சந்தைக்கு வந்துவிட்டன. புதுக் கண்டென்சர் சில நாளில் சாகிறது. ரோட்டரில் பித்தளைத் தகட்டைப் பிடிக்க ஆணி அடித்து, அந்த ஆணியின் அடி நுனிக்கும் உள்ளே இருக்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிசாகத்தான் இன்சுலேஷன் விடுகிறார்கள். அதை ஓட்டை போட்டுக்கொண்டு கரண்ட் நேராகத் தண்டுக்கு இறங்கிவிடுகிறது, பிளக்குக்குப் போவதே இல்லை. இங்கிலாந்தில் இதற்கென்றே ஆணி இல்லாத சிவப்பு ரோட்டர் தனியாகச் செய்து விற்கிறார்கள். ஒரு காலத்தில் 'புதுசு மாட்டியாச்சு, அப்போ அது நல்லாத்தான் இருக்கும்' என்று அந்தப் பாகத்தைச் சந்தேகப் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம். இன்று அப்படி எடுக்க முடியாது. உங்கள் தாத்தாவின் ஹெரால்டோ அம்பாசடரோ கொட்டகையில் இருந்து, புது ரோட்டர் மாட்டிய பிறகும் கிளம்ப மறுத்தால், மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த நடு வயர் முனையை ரோட்டர் தகட்டுக்கு மேலே மூன்று மில்லிமீட்டரில் பிடியுங்கள். சாவியைப் போட்டு, மூடியிருக்கும் பாயிண்டை ஒரு குச்சியால் படக்கென்று திறந்துவிடுங்கள். நல்ல ரோட்டர் என்றால் ஒன்றும் நடக்காது, கரண்ட் இறங்க அதில் வழியே இருக்கக் கூடாது. பொறி தகட்டுக்குத் தாவினால் அந்தப் புது ரோட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழையதைத் துடைத்து மாட்டிப் பாருங்கள்.